எண்ணெய்ப் பீப்பாய் வாத்தியமான கதை

கரீபியன் தீவான டிரினிடாடில் 1838இல் அடிமை முறை முழுதாக ஒழிந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வம்சாவளியினர் கார்னிவல் திருவிழா வந்தால் தீப்பந்தம் ஏந்தி, முரசு கொட்டித் தெருவில் இறங்குவார்கள். மேட்டுக்குடியினருக்கு அது பிடிக்கவில்லை. 1881இல் ஊர்வலத்தைத் தடுக்க வந்த போலீசாரோடு பெரும் மோதல் மூண்டது. சில ஆண்டுகளில் ஆங்கிலேய அரசு தெருவில் முரசு கொட்டவே தடை போட்டது.

மக்கள் மூங்கிலை எடுத்தார்கள். பல நீளங்களில் வெட்டிய மூங்கில்களைத் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். ஆனால் குத்தக் குத்த மூங்கில் பிளந்துவிடும். 1930களின் பிற்பகுதியில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத்து ஏழைப் பையன்கள் பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி என்று கிடைத்ததையெல்லாம் தட்டினார்கள். நெளிந்த இடம் ஒவ்வொன்றும் வேறு சுரம் பேசுவதைக் கவனித்தார்கள். ஸ்டீல்பான் என்ற வாத்தியம் அங்கேதான் கருக்கொண்டது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில் எண்ணெய்ப் பீப்பாய் கைக்கு வந்தது. எல்லி மானெட் போன்ற இளைஞர்கள் அதன் மூடிய முகத்தைச் சம்மட்டியால் அடித்துக் குழித்தார்கள். சுரத்துக்குச் சுரம் எல்லை கீறி, தீயில் வாட்டி, சிறு சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்தார்கள். விளிம்பை ஒட்டிய பெரிய பரப்பில் கீழ்ச்சுரம், நடுவிலுள்ள சின்னப் பரப்பில் மேல்சுரம். ரப்பர் சுற்றிய குச்சி பட்டதும் இரும்பு பாடியது.

ஊரோ அவர்களை ரவுடிகள் என்றது. ஸ்டீல்பான் பக்கம் போன பிள்ளைக்கு வீட்டில் அடி விழுந்தது. 1951இல் ‘டாஸ்போ’ என்ற ஸ்டீல்பான் குழு லண்டனுக்குப் போய் பிரிட்டன் விழாவில் வாசித்துக் கைதட்டல் வாங்கிய பிறகே உள்ளூரில் பார்வை மாறத் தொடங்கியது. 1992இல் ஸ்டீல்பான் தேசிய வாத்தியமானது.

தாழ்த்தப்பட்டவர்கள் இழிவைக் கடக்க மேல்தட்டின் நடை உடையைப் பழகிக்கொள்வது உண்டு. நேருக்கு நேர் மோதுவதும் உண்டு. இந்தப் பையன்கள் யாரும் மதிப்பெண் போடமுடியாத புதிய களம் ஒன்றைத் தாங்களே உண்டாக்கி, அதில் தேர்ச்சியின் எல்லையையும் தாங்களே வகுத்தார்கள். அவர்களுடைய தன்மானம் அந்தத் தேர்ச்சியில் வேர்விட்டது.

ஆனாலும் ஸ்டீல்பானை வளர்த்த லவென்டில் குன்றுப் பகுதிக்கு இன்றும் கெட்ட பெயர்தான். அங்கிருந்து வேலை தேடிப் போகிறவர்களை அந்தப் பெயர் துரத்துகிறது. கலையைக் கொண்டாடும் நாடு கலைஞனின் தெருவுக்கும் பள்ளியும் வேலையும் மரியாதையும் தந்தாக வேண்டும். திறமையைக் காட்டித்தான் ஒருவர் மனிதராக மதிக்கப்பட வேண்டும் என்ற நிலையே அநீதி.