டென்னிஸ் மைதானத்தில் பிறந்த பள்ளிக்கூடம்

டென்னிஸ் வகுப்புக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. கார் பந்தய வீரராக இருந்து பயிற்சியாளரான ஜான் விட்மோர் ஒரு தந்திரம் செய்தார். பனிச்சறுக்கு கற்றுத்தரும் தன் ஆட்கள் இருவருக்கு டென்னிஸ் சீருடை மாட்டி, கக்கத்தில் மட்டையைச் செருகி, மைதானத்துக்கு அனுப்பினார். ஒரே நிபந்தனை: அந்த மட்டையை எடுத்து ஆடிவிடக் கூடாது. டென்னிஸ் தெரிந்த ஆசிரியர்களுக்கு அவர்கள் சற்றும் சளைக்கவில்லை. ஓரிரு முறை அவர்களையே மிஞ்சினார்கள் என்று விட்மோர் எழுதியிருக்கிறார். டென்னிஸ் ஆசிரியரின் கண் ஆட்டத்தின் பிழைகளிலேயே நின்றது. பிழை எது என்றே தெரியாத பனிச்சறுக்குக்காரரோ, மாணவர் தன் உடம்பை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்த்தார்.

இன்று நிறுவனத் தலைவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பிசினஸ் கோச்சுகளுக்கான பயிற்சி முறையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்த முறையைக் கண்டவர் விட்மோர் அல்லர். அமெரிக்கரான திமதி கால்வே. ஹார்வர்டு பல்கலைக்கழக டென்னிஸ் அணியின் தலைவராக இருந்தவர். ‘பந்தைப் பார்’ என்று அதட்டுவதை அவர் விட்டார். பந்து தரையில் படும்போது ‘பவுன்ஸ்’, மட்டையில் படும்போது ‘ஹிட்’ என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். சொல்வதற்காகவே மாணவர் பந்தைக் கவனித்தார்; கவனம் வந்ததும் அடி தானாகச் சீரானது. 1974-இல் வெளியான ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ நூல் கால்வேயை விளையாட்டுக்கு வெளியேயும் கொண்டுசென்றது. ஏடி அண்ட் டி போன்ற பெரிய நிறுவனங்கள் அவரை அழைத்தன.

1965-இல் ஐரோப்பிய கார் பந்தயப் பட்டம் வென்ற விட்மோர், கால்வேயின் முறையைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து அலுவலகத்துக்கு ஏற்றபடி வடித்தார். 1992-இல் வந்த அவருடைய ‘கோச்சிங் ஃபார் பெர்ஃபார்மன்ஸ்’ நூல் ‘குரோ’ என்ற நான்கு கேள்வி வரிசையைப் பரப்பியது: என்ன வேண்டும், இப்போதைய நிலைமை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப் போகிறீர்கள்?

அதே 1992-இல் அமெரிக்காவில் கோச்சுகளைப் பயிற்றுவிக்கும் இரண்டு பள்ளிகள் தோன்றின. வெர்னர் எர்ஹார்டின் ‘எஸ்ட்’ என்ற சுயமுன்னேற்ற அமைப்பில் கணக்கு வழக்குப் பார்த்தவர்கள் தாமஸ் லியனார்டும் லாரா விட்வொர்த்தும். பிறகு நிதி ஆலோசகரான லியனார்டிடம் வந்தவர்கள் பணத்தோடு நிறுத்தாமல், வாழ்க்கையை எப்படி அமைத்துக்கொள்வது என்றும் கேட்டார்கள். அதையே பாடமாக்கி ‘கோச் யூனிவர்சிட்டி’யைத் தொடங்கினார். அதற்குக் கட்டடம் தேவைப்படவில்லை; தொலைபேசி இணைப்பில் பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் பாடம் கேட்டார்கள். விட்வொர்த், ஹென்றி மற்றும் கேரன் கிம்சி-ஹவுஸோடு சேர்ந்து தொடங்கிய பள்ளியோ மாணவர்களை நேரில் உட்காரவைத்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பழகவைத்தது.

பள்ளிகளுக்குப் பிறகு கோச்சுகளுக்கென ஓர் அமைப்பும் வந்தது. 1995-இல் லியனார்டு முன்னின்று சர்வதேச கோச் கூட்டமைப்பு உருவாக வழிசெய்தார். அதன் சான்றிதழ்கள் மூன்று படிகளில் உள்ளன. முதல் படிக்கு 60 மணிநேர வகுப்பும் 100 மணிநேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். இரண்டாம் படிக்கு 125, 500. உச்சப் படிக்கு 200, 2,500. அனுபவ மணிகளில் பெரும்பகுதி கட்டணம் வாங்கிச் செய்ததாக இருக்க வேண்டும்.

பனிச்சறுக்குக் கதையைக் காட்டி, தொழில் தெரியாதவரும் கோச் ஆகலாம் என்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த இருவரும் கால்வேயின் முறையில் ஊறியவர்கள். அவர்களுக்குத் தெரியாதது டென்னிஸ் மட்டுமே. கேள்வி கேட்டுக் கவனிக்கும் வித்தை நன்றாகத் தெரியும்.

அமெரிக்காவிலும் சரி, இந்தியாவிலும் சரி, கோச் என்று பெயர்ப்பலகை மாட்ட அரசு உரிமம் தேவையில்லை. ஆகவே சோதிக்கும் பொறுப்பு காசு கொடுப்பவருடையது. கோச் ஒருவரை அமர்த்தும்முன் அவர் எத்தனை மணிநேரம், யாரிடம் பயின்றார், அவருடைய கோச்சிங்கைக் கேட்டு மதிப்பிட்டவர் யார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.