கோப்பியும் கொப்பியும்

மலையகத்தில் கோப்பி என்றால் குடிக்கும் பானம், கொப்பி என்றால் கணக்கெழுதும் புத்தகம். ஓர் எழுத்து நெடிலாவதும் குறிலாவதும்தான் இரண்டுக்குமுள்ள வேறுபாடு. வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் இம்மலைநாட்டின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இவ்விரு சொற்களும் அருகருகே நிற்பது பொருத்தமாகவே தோன்றும். இங்கே கோப்பிச் செடி வேரூன்றியது மண்ணில் மட்டுமன்று, கடன் கொப்பியிலுந்தான்.

அண்மைய ஆண்டுகளில் கண்டி, நுவரெலியா போன்ற நகரங்களில் உள்ளூர்க் கோப்பியை வறுத்து அரைத்து விற்கும் கடைகள் தோன்றியுள்ளன. ஏற்றுமதி விவசாயத் திணைக்களமும் கோப்பிச் செய்கையை ஊக்குவிக்கிறது. உடப்புசல்லாவை பஜாரில் அப்படி ஒரு கடை போட்டால் கட்டுப்படியாகுமா என்று இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. வாடகையையும் பால்மா விலையையும் கூட்டிக் கழித்துச் சொல்வது என் தொழிலன்று. ஆனால் கோப்பியை நம்பி முதலிட்டவர்களின் கதை ஒன்று இதே மலைகளில் எழுதப்பட்டிருக்கிறது. கடை வைப்பவர் கேட்கவேண்டிய கேள்விகள் அனைத்தும் அக்கதைக்குள் இருக்கின்றன.

முதல் யாருடையது?

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கோப்பிச் செய்கைக்கு வரிச்சலுகைகளை வழங்கியதோடு, தாமே பேராதனைக்கு அருகில் கன்னொறுவையில் ஒரு தோட்டத்தைத் திறந்தார். கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் அமைத்ததும் அக்காலத்திலேயே. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்கும் பிரித்தானியாவில் ஒரே இறக்குமதித் தீர்வை என்றாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் 1838இல் முழு விடுதலை பெற்றபின் அங்கே விளைச்சல் சரிந்தது. அந்த இடைவெளியை நிரப்ப மலைநாட்டுக்குப் பணம் பாய்ந்தது.

காடு மலிவு. 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் சேனைகளையும் முடிக்குரியவையாக்க வழிசெய்தது. ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்கப்பட்டது. 1844இல்தான் குறைந்தபட்ச விலை ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. நிலத்தை விற்ற அரசாங்கத்தின் அதிகாரிகளே வாங்குவோராகவும் இருந்தனர். ஆனால் காடு மலிவாயிருந்ததனால் தோட்டமும் மலிவு என்று பொருளாகாது. மரம் வெட்டி எரிக்கவேண்டும். நாற்று மேடை போடவேண்டும். பாதை வெட்டிக் களஞ்சியமும் லயமும் கட்டவேண்டும். செடி நட்டு மூன்றாம் ஆண்டளவில்தான் முதற்பழம் கிடைக்கும். அதுவரை எல்லாமே செலவு.

கைப்பணம் தீர்ந்ததும் துரைமார் கொழும்பிலிருந்த ஏஜென்சிக் கம்பனிகளிடம் போனார்கள். கம்பனிகள் வங்கிகளிடமும் இலண்டன் வணிகர்களிடமும் கடன் பெற்றன. 1847இல் பிரித்தானியாவில் நிதி நெருக்கடி ஏற்பட்டுக் கோப்பி விலையும் சரிந்தபோது, பெருஞ்செலவில் திறந்த தோட்டங்கள் அற்ப விலைக்குக் கைமாறின. தோட்டத்தின் பெயர்ப்பலகையில் இருந்தவர் ஒருவர், உண்மையில் அதை வைத்திருந்தவர் இன்னொருவர் என்பது அப்போதுதான் பலருக்கு விளங்கிற்று.

காசு எப்போது திரும்பும்?

ஒரு கடைக்காரருக்கு உள்ள பெரும் பேறு, மாலையில் கல்லாப்பெட்டியைத் திறந்தால் அன்றைய காசு அன்றே கிடைப்பதாகும். கோப்பித் தோட்டத்துக்கு அந்தப் பேறு இல்லை. பழம் பறிக்கும் பருவம் ஆண்டுக்கு ஒருமுறை. பறித்த பழத்தைத் தோல் உரித்து, ஊறவைத்துக் கழுவி, உலர்த்தி, மூட்டை கட்டி மாட்டுவண்டியில் ஏற்றவேண்டும். 1867இல் கண்டிக்கு இரயில் வருமுன்னர் கொழும்புவரை அந்த வண்டிகளே கதி. கொழும்பு ஆலைகளில் மேல்தோல் நீக்கித் தரம் பிரித்தபின் கப்பல். இலண்டனில் விற்றபின்தான் கணக்கு முடியும்.

பன்னிரண்டு மாதச் செலவுக்கு ஒரு வரவு. ஆகவே, வரப்போகும் விளைச்சலை ஈடுவைத்து ஏஜென்சியிடம் முன்பணம் பெறுவது வழமையாயிற்று. அதற்கு வட்டி, பொருள் வாங்கிக் கொடுத்தால் தரகு, கோப்பியை அனுப்பினால் தரகு, விற்றாலும் தரகு. விளைச்சல் நன்றாயிருந்தால் ஏஜென்சி வட்டியும் தரகும் பெற்றது. விளைச்சல் பொய்த்தால் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளும் உரிமை அதற்கிருந்தது.

எழுதப்படாத கடன்

இதுவரை சொன்ன கடன்கள் எல்லாம் பத்திரத்தில் எழுதப்பட்டவை. தோட்டத்துக்குக் கடன் கொடுத்த வேறொரு தரப்பும் இருந்தது. அதன் பெயர் கடன்காரர் பட்டியலில் இடம்பெறுவதில்லை. இராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்கு வந்து, காட்டுப்பாதையால் மாத்தளைவரை நடந்து மலையேறிய எங்கள் முன்னோரையே சொல்கிறேன்.

வரவு ஆண்டுக்கொருமுறை என்பதால் சம்பளமும் மாதக் கணக்கில் பிந்தியது. உயிர்வாழ அரிசி கொடுக்கப்பட்டது. அதன் விலை கணக்கில் கழிக்கப்பட்டது. மீதி, தோட்டத்தின் கையிலேயே நின்றது. உழைத்து முடித்த உழைப்புக்குப் பல மாதம் காசு தராமல் இருப்பதென்றால், உழைத்தவர் முதலாளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார் என்பதே அதன் பொருள். ஏஜென்சியின் பணத்துக்கு வட்டியும் ஈடும் இருந்தன. இந்தப் பணத்துக்கு இரண்டும் இல்லை.

கொப்பியிலோ கணக்கு தலைகீழாக இருந்தது. கப்பற் கூலி, வழிச்செலவு, ஊரில் கொடுத்த முன்பணம் ஆகியவை கங்காணி மூலம் தொழிலாளியின் பெயரில் பற்றெழுதப்பட்டன. கடன் கொடுத்தவன் அங்கே கடன்பட்டவனாக நின்றான். ஒரு கங்காணியின் கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். கடன் அந்தத் துண்டோடு அடுத்த தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முன்னறிவித்தலின்றி வேலையைவிட்டுப் போகும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பவும் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது.

நாணயமாற்றிலும் ஒரு இலாபம் இருந்தது. கோப்பி இலண்டனில் பவுணுக்கு விலைபோனது. சம்பளம் இங்கே வெள்ளி ரூபாவில் கொடுபட்டது. 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபா சுமார் 2 ஷில்லிங் பெற்றது. வெள்ளியின் விலை சரியச் சரிய ரூபாவின் மதிப்பும் இறங்கி, 1890களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ அதில் பாதிக்கு வந்தது. இதனால் சம்பளத்தைக் குறைக்காமலே சம்பளச் செலவு குறைந்தது.

வருமானம் நின்றபோது

1869இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் துருப்போன்ற புள்ளிகள் காணப்பட்டன. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சணம் அது. அக்கணமே அபாயம் உணரப்பட்டிருக்கவேண்டும் என்று இன்று நமக்குத் தோன்றலாம். நடந்தது வேறு. 1870இல் ஏற்றுமதி சுமார் 10 இலட்சம் அந்தரை எட்டியிருந்தது. பின்னர் ஏக்கருக்கான விளைச்சல் குறைந்தபோதிலும் உலகச் சந்தையில் விலை ஏறியதால் வருமானம் குறையவில்லை. விலை தந்த தைரியத்தில் மேலும் கடன் வாங்கி மேலும் உயரத்தில் காடு வெட்டினார்கள். 1870களின் இறுதியில் கோப்பி நிலப்பரப்பு சுமார் 2,75,000 ஏக்கர். நோய் பரவிய பத்தாண்டில்தான் தோட்டங்கள் மிக விரிந்தன. கடனும் மிக விரிந்தது.

பின்னர் பிரேசில் கோப்பி சந்தையை நிரப்ப விலையும் வீழ்ந்தது. கோப்பித் தோட்டங்களுக்குப் பெருமளவு கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884ஆம் ஆண்டு மே மாதம் கதவை மூடியது. அந்நாளில் இலங்கையில் புழங்கிய தாள்நாணயத்தில் பெரும்பகுதி அவ்வங்கி வெளியிட்டது. கொழும்பில் பீதி பரவவும், ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கத்தின் பெயரால் உத்தரவாதம் அளித்தார். நாணயத்தாள் வெளியிடும் உரிமை அரசாங்கத்திடம் வந்தது இந்நிகழ்வின் பயனாகவே.

துணிவான முடிவு, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நோட்டு வைத்திருந்தவனுக்குத்தான் உத்தரவாதம் கிடைத்தது. சம்பளப் பாக்கி வைத்திருந்தவனிடம் நோட்டு இல்லை. செக்ரோலில் அவன் பெயருக்கு எதிரே ஓர் எண் இருந்தது, அவ்வளவே. முறிந்த தோட்டத்தை ஈடுபிடித்தவர் எடுத்துக்கொண்டார். வெறுங்கையோடு ஊர் திரும்பினர் பலர். அடுத்த தோட்டத்தைத் தேடி நடந்தனர் பலர். தோட்டத்தின் மீதான முதற்கடன் தொழிலாளரின் சம்பளமே என்ற விதி 1880களில்தான் சட்டத்தில் ஏறிற்று. அத்தனை தோட்டங்கள் முறிந்தபின்னரே அந்த ஒரு வரி எழுதப்பட்டது.

கடைக் கொப்பி

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, கோப்பி நின்ற இடங்களைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து உண்டு. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலமும் ஆரம்பமானது. ஆண்டுக்கொருமுறை வந்த காசு அடிக்கடி வரலாயிற்று. உடப்புசல்லாவையின் கோப்பித் தோட்டங்களும் தேயிலைக்கு மாறின. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைவரை 1904இல் வந்துசேர்ந்த ஒடுங்கிய இரயில் பாதைக்கு உடப்புசல்லாவையின் பெயரே சூட்டப்பட்டது. கோப்பி மூட்டை அதில் போகவில்லை. தேயிலைப் பெட்டிகளே போயின. 1940களில் அப்பாதையும் மூடப்பட்டது.

ஆண்டு முழுதும் கொழுந்து என்றால் ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். வந்து போனவர்கள் லயத்தில் நிலைத்தனர். ஆனால் மாதம் முழுக்க உழைத்து அடுத்த மாதம் சம்பளம் பெறும் முறை தொடர்ந்தது. அந்த இடைவெளியை நிரப்பியது பஜார்க் கடையின் கொப்பி. அரிசி, மா, சீனி எல்லாம் பற்று. சம்பள நாளில் அடைப்பு. தோட்டத்துக்குச் சம்பளத்தைப் பிந்திக் கொடுக்கும் வசதியைக் கடைக்காரர் தம் முதலிலிருந்து தாங்குகிறார் என்றும் இதைச் சொல்லலாம்.

கடை போட நினைக்கும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். தேத்தண்ணிக் கடையானாலும் நாகரிகக் கோப்பிக் கடையானாலும் இலாபம் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. ஒரு மாதம் வியாபாரம் படுத்தால் யாருக்கு முதலில் கொடுபடும், யார் காத்திருப்பார் என்பதை முதலில் எழுதுங்கள். வங்கித் தவணை பிந்தினால் கடிதம் வரும். வாடகை பிந்தினால் உரிமையாளர் வருவார். கோப்பை கழுவும் பையனும், சம்பளமின்றி அடுப்படியில் நிற்கும் வீட்டுப் பெண்ணும் எதுவும் அனுப்பமாட்டார்கள். அவர்களுக்குரியதையும் கொப்பியில் கடனென்று எழுதுங்கள். அதை எழுதியபின்னும் கணக்குத் தேறினால் கடையைத் திறக்கலாம்.