நகரும் மேசை: ஒரு ரம்பத்தின் வரலாறு

மரம் அறுக்கும் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். கையால் இழுத்த வாள், நீர்ச்சக்கரம் இயக்கிய வாள், நீராவி, மின்சாரம் என்று அவ்வரிசை நீளும். அறுப்பவனின் கை எங்கே இருந்தது என்ற கேள்வியோடு இவ்வரலாற்றை அணுகினால் வேறொரு வரிசை புலப்படும். அதில் ஆண்டுகளுக்கு இடையிலான இடைவெளிகள் மிக நீண்டவை.

மரத்தை ஈர்வதற்கு வட்டமான வாளைப் பயன்படுத்தும் எண்ணம் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777ஆம் ஆண்டு பெற்ற காப்புரிமையில் காணப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போர்ட்ஸ்மத் கடற்படைத் துறையில் கப்பற் கப்பிகள் செய்யும் ஆலையில் வட்டரம்பங்கள் நீராவியால் சுழன்றன. இழுத்துத் தள்ளும் கைவாள் ஒவ்வொரு முறையும் திரும்புவதற்காகச் சற்றே நிற்கும். வட்டரம்பத்துக்கு அந்த நிற்றல் இல்லை. வேகத்தின் இரகசியமும் ஆபத்தின் வேரும் ஒன்றே.

மேசையின் பிளவு வழியே மேலெழுந்து நிற்கும் வட்டரம்பத்தில், நமக்கு எதிரே உள்ள பற்கள் பலகையைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன; பின்புறப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட பிளவு மீண்டும் நெருங்கினாலோ, பலகை சற்றே திரும்பினாலோ, பின்புறப் பற்கள் அதைக் கவ்வித் தூக்கி, தள்ளுபவரை நோக்கி வீசும். பலகையோடு கையும் வாளின் மீது இழுபடக்கூடும். வாளுக்குப் பின்னே நிறுத்தப்படும் மெல்லிய எஃகுத் தகடு பிளவை நெருங்கவிடாமல் காத்து, பலகையைப் பின்புறப் பற்களிலிருந்து விலக்கி வைக்கிறது. மிக எளிய இத்தகட்டை வட்டரம்பங்களில் கட்டாயமாக்கிய பிரிட்டனின் மரவேலை இயந்திர விதிகள் 1922ஆம் ஆண்டில்தான் வந்தன. மில்லரின் காப்புரிமைக்கும் இவ்விதிகளுக்கும் இடையே 145 ஆண்டுகள்.

இதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, 1906இல், பெர்லினில் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் என்ற மரச்சாமான் தச்சர் வேறொரு வழியைக் கண்டிருந்தார். பலகையை நிலையான மேசைமேல் தள்ளுவதற்கு மாறாக, பலகையைத் தாங்கும் மேசைப் பகுதியையே வாளுக்கு இணையாக நகரச் செய்தார். நம் பட்டறைகளில் இன்று ‘பேனல் சா’ என்று வழங்கும் இயந்திரத்தின் மூலவடிவம் அதுவே. அவர் தேடியது நேரான விளிம்பு. ஏற்கெனவே நேராக்கப்பட்ட விளிம்பு ஒன்று இல்லாமலேயே முதல் வெட்டை நேராக வெட்ட வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். விரல்களைக் காப்பது அக்கண்டுபிடிப்பின் துணைவிளைவு என்றே சொல்லத் தோன்றுகிறது.

அத்துணைவிளைவு பெரும்பயன் ஆனதற்குக் காரணம், அறுபடும் பொருளே மாறியதுதான். 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்ட் கண்காட்சியில் பிளைவுட் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1930களில் ஜெர்மனியின் மாக்ஸ் ஹிம்மெல்ஹேபர் மரத்துகள் பலகைக்கு வழிவகுத்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெரிய தகடுகளே மரச்சாமான்களின் மூலப்பொருளாயின. எட்டுக்கு நான்கு அடி, 18 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட எம்.டி.எஃப். பலகை ஏறத்தாழ 40 கிலோ இருக்கும். அதைத் தனியொருவர் நிலையான மேசையில் தள்ளும்போது, நேர்கோடு அவருடைய இரு கைகளின் சமநிலையை நம்பியிருக்கிறது. ஒரு கை சற்றே முந்தினால் பலகை திரும்பும். திரும்பினால் வாள் கவ்வும்.

நகரும் மேசையில் பலகை குறுக்குத் தடுப்பில் சாய்ந்து, மேசையோடு சேர்ந்தே செல்கிறது. நேர்கோட்டைத் தண்டவாளம் காக்கிறது. தொழிலாளி வாளின் நேர்கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் நிற்க முடிகிறது. ஆயினும் இயந்திரம் எல்லாவற்றையும் செய்துவிடுவதில்லை. குறுக்கே வெட்டும்போது வலப்புறத் தடுப்பை வாளுக்கு முன்னதாகவே பின்னிழுத்துக்கொள்ளாவிட்டால், அறுபட்ட துண்டு வாளுக்கும் தடுப்புக்கும் இடையே சிக்கி வீசப்படும். சிறு துண்டுகளைத் தள்ள விரலுக்குப் பதிலாகத் தள்ளுகோல் வேண்டும். பின்னே நிற்கும் தகட்டை ‘இடைஞ்சல்’ என்று கழற்றி வைப்பவர்கள், ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்த பாதுகாப்பை ஒரு நிமிட வசதிக்காகத் துறக்கிறார்கள்.

கை என்பதே இயந்திரத்தின் கவனத்துக்குரிய பொருளானது அண்மையில்தான். 1999இல் அமெரிக்கக் காப்புரிமை வழக்கறிஞரும் இயற்பியலாளருமான ஸ்டீவ் காஸ், தோல் பட்டவுடன் அதன் மின்கடத்தலை உணர்ந்து சில மில்லிவினாடிகளில் நின்றுவிடும் ரம்பத்தை உருவாக்கினார். ஏற்கெனவே இருந்த உற்பத்தியாளர்கள் அதை ஏற்காததால் தம் தோழர்களோடு தாமே ‘சாஸ்டாப்’ நிறுவனத்தைத் தொடங்கினார். 2020களின் தொடக்கத்தில் ஆல்டென்டார்ஃப் நிறுவனமும், நெருங்கும் கையைக் கேமராக்களால் கண்டு, தொடுமுன்னரே வாளை மேசைக்குக் கீழே இறக்கும் அமைப்பைக் கொண்டுவந்தது. நேரான விளிம்புக்காகப் பிறந்த இயந்திரம் கையைப் பார்க்கக் கற்க ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

இவையெல்லாம் விலையுயர்ந்தவை. மேசைக்கடியில் மோட்டார் பூட்டி, தகடும் மூடியுமின்றி வாள் சுழலும் சிறுபட்டறைகள் இன்றும் உள்ளன. அங்கே விபத்து நேரும்போது ‘கவனக்குறைவு’ என்ற சொல்லே முதலில் எழுகிறது. நாள் முழுதும் சலிக்காமல் சுழலும் வாளின் முன் மனிதக் கவனமும் சலிக்காமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம்? இவ்வரலாற்றில் விரல்களைக் காத்தவை, கை இருக்கும் இடத்தை மாற்றிய சில எளிய ஏற்பாடுகளே. அவற்றுள் மிக மலிவானது, 1922இல் கட்டாயமான அந்த மெல்லிய தகடு.