அரிசியைப் பின்தொடர்ந்த கணினி, ஆளைப் பின்தொடர்ந்த கருவி: பொது விநியோகத்தின் இரு வரலாறுகள்

2000ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று சத்தீஸ்கரும், அதே மாதம் 15 அன்று ஜார்க்கண்டும் பிறந்தன. காடும் கனிமமும் மிகுந்த, பழங்குடி மக்கள் கணிசமாக வாழும் இவ்விரு மாநிலங்களும் அண்டை நிலங்கள். வறுமையிலும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. இரண்டுமே ரேஷன் விநியோகத்தைச் சீராக்கக் கணினியை நாடின. ஆயினும் ஒன்று முன்மாதிரி எனப் பேசப்பட்டது. மற்றொன்று பட்டினிச் சாவு குறித்த விவாதத்தின் களமாயிற்று. தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்ற கேள்வியால் இந்த வேறுபாட்டை விளக்க இயலாது. தொழில்நுட்பம் எதைக் கண்காணித்தது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இந்தியாவில் ரேஷன் முறை இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் விளைவு. வங்கப் பஞ்சம் நிகழ்ந்த 1943இல் உணவுதானியக் கொள்கைக் குழு பெருநகரங்களில் பங்கீட்டை வலியுறுத்தியது. 1965இல் இந்திய உணவுக் கழகம் நிறுவப்பட்டபோது கொள்முதல், சேமிப்பு, விநியோகம் ஆகியவை நிலையான அமைப்பாக உருப்பெற்றன. அக்காலம் முழுவதும் நிர்வாகத்தின் முதன்மைக் கவலை தானியம் பற்றியதாகவே இருந்தது: எவ்வளவு வந்தது, எவ்வளவு கடையைச் சேர்ந்தது?

1997 ஜூன் மாதம் இந்தக் கவலையின் திசை மாறியது. அதுவரை அனைவருக்கும் பொதுவாயிருந்த முறை, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர், மேலுள்ளோர் எனப் பிரிக்கப்பட்டது. தமிழ்நாடு இப்பிரிவினையை ஏற்காமல் அனைவருக்குமான விநியோகத்தைத் தொடர்ந்தது. பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றன. அதன்பின் நிர்வாகத்தின் கேள்வி ‘எவ்வளவு?’ என்பதிலிருந்து ‘யார்?’ என்பதற்கு நகர்ந்தது. போலி அட்டை, தகுதியற்ற பயனாளி ஆகிய சொற்கள் அரசு ஆவணங்களில் வலுப்பெற்றதும் இப்பிரிவினையை ஒட்டியே. ஏழையை அடையாளம் காணும் சுமை வந்துவிட்ட பிறகு, அடையாளத்தைச் சரிபார்க்கும் கருவிக்கான தேவையும் உடன் வந்தது.

சத்தீஸ்கர் இந்தப் பொதுப்போக்கிலிருந்து விலகி நடந்தது. அம்மாநிலம் கணினியிலிருந்து தொடங்கவில்லை. 2004ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை ரேஷன் கடைகளைத் தனியாரிடமிருந்து மீட்டு, கிராமப் பஞ்சாயத்துகள், சுயஉதவிக் குழுக்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றிடம் ஒப்படைத்தது. கடை நடத்துவோருக்கான தரகுத் தொகை உயர்த்தப்பட்டது. தானியத்தைக் கடையின் வாசலுக்கே கொண்டு சேர்க்கும் பொறுப்பை அரசு ஏற்றது. 2007இல் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் உணவு உதவித் திட்டம் வறுமைக் கோட்டு வரையறையைத் தாண்டிப் பெருந்தொகையான குடும்பங்களை உள்ளே கொணர்ந்தது. இவ்வடித்தளம் அமைந்த பிறகே, 2007–08இல் தேசியத் தகவலியல் மையத்தின் துணையுடன் கணினிமயமாக்கல் முழுவீச்சில் நிகழ்ந்தது.

அக்கணினி பின்தொடர்ந்தது அரிசியை. கூட்டுறவுச் சங்கங்களில் நெல் கொள்முதல் செய்யப்படும் நொடியிலிருந்து பதிவு தொடங்கியது. ஒவ்வொரு கடைக்குமான மாதாந்திர ஒதுக்கீட்டை, அட்டைகளின் ஒருங்கிணைந்த தரவுத்தளத்திலிருந்து கணினியே கணக்கிட்டது. தானிய லாரிகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசப்பட்டது. கிடங்கிலிருந்து லாரி புறப்பட்டதும், பதிவுசெய்துகொண்ட குடிமக்களுக்குக் குறுஞ்செய்தி சென்றது. லாரி எங்கே என்று கேட்கும் வாய்ப்பு ஊராருக்குக் கிட்டியது. கண்காணிக்கப்பட்டவர் அதிகாரியும் போக்குவரத்து ஒப்பந்ததாரரும், கண்காணித்தவர் உண்பவர். ஜான் டிரேஸும் ரீத்திகா கேராவும் தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளைக் கொண்டு செய்த மதிப்பீட்டின்படி, 2004–05இல் ஏறத்தாழ பாதியளவாக இருந்த சத்தீஸ்கரின் தானியக் கசிவு, 2009–10இல் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. அக்காலகட்டத்தில் ஆதார் எண் வழங்கலே தொடங்கியிருக்கவில்லை. முதல் எண் மகாராஷ்டிரத்தின் டெம்ப்லி கிராமத்தில் 2010 செப்டம்பரில்தான் வழங்கப்பட்டது.

ஜார்க்கண்டின் கதை எதிர்த்திசையில் நகர்ந்தது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரகத்தில் 75 விழுக்காட்டினர் வரையும் நகரங்களில் 50 விழுக்காட்டினர் வரையும் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் பெறும் உரிமையை நிறுவியிருந்தது. 2016–17இல் ஜார்க்கண்டின் ரேஷன் கடைகளில் விற்பனைமுனைக் கருவிகள் பரவலாக நிறுவப்பட்டன. தானியம் பெற விரல்ரேகை தேவையாயிற்று. மின்சாரம், இணையத் தொடர்பு, கருவி, தொலைவிலுள்ள வழங்கி, உழைத்துத் தேய்ந்த விரல்ரேகை ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் ஒத்துழைத்தால் மட்டுமே அரிசி கிடைக்கும் நிலை உருவானது.

இக்கருவி தீர்க்கவல்லது ஒரேயொரு மோசடியை: ஒருவர் பெயரில் மற்றொருவர் பெறும் ஆள்மாறாட்டத்தை. எடையைக் குறைத்துக் கொடுக்கும் கடைக்காரர், விரலை வைக்கச் சொல்லிவிட்டும் குறைத்துக் கொடுக்கலாம். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்திப் சுக்தங்கர் ஆகியோர் 1.5 கோடிப் பயனாளிகளை உள்ளடக்கி ஜார்க்கண்டில் நடத்திய சமவாய்ப்புச் சோதனையும் இதையே காட்டியது. விரல்ரேகைச் சரிபார்ப்பு தன்னளவில் கசிவைக் குறைக்கவில்லை. முன்னரே ஆதாரை இணைத்திராத குடும்பங்கள் பெற்ற பயனோ 10 விழுக்காடு குறைந்தது. பின்னர், கருவியின் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு கடைகளுக்கான ஒதுக்கீடு நிர்ணயிக்கப்பட்டபோது கசிவு பெருமளவு குறைந்தது. கூடவே மக்கள் பெற்ற தானியமும் குறைந்தது.

2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் ஒரு சிறுமி இறந்தாள். ஆதாருடன் இணைக்கப்படாத காரணத்தால் அவள் குடும்பத்தின் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பட்டினியே காரணம் என்றது குடும்பம். மலேரியா என்றது நிர்வாகம். ஆதார் இல்லை என்பதற்காகத் தகுதியுள்ளோர் எவரையும் திருப்பி அனுப்பலாகாது என மத்திய அரசு அடுத்த மாதமே மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு, நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கோரும் சட்டப்பிரிவை ஏற்றது. நீதிபதி சந்திரசூட் மாறுபட்ட தீர்ப்பெழுதினார்.

இவ்விவாதத்தில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. ‘கசிவு’ என்னும் சொல்லுக்குப் பின்னால் ஒரு அளவுகோல் இருக்கிறது. அது விழுக்காடாக மாறுகிறது, அறிக்கையில் இடம்பெறுகிறது. ‘விடுபடல்’ என்பதற்கு அத்தகைய நிர்வாக அளவுகோல் ஏதுமில்லை. அட்டை நீக்கப்பட்டவர் கருவியின் பதிவில் தோல்வியாகக்கூடத் தோன்றுவதில்லை. அவர் பங்கு ‘சேமிப்பு’ என்ற தலைப்பின்கீழ் சென்று சேர்கிறது. திருடப்பட்ட அரிசியும் மறுக்கப்பட்ட அரிசியும் உண்பவருக்கு ஒன்றே. அரசின் கணக்கில் முன்னது இழப்பு, பின்னது வெற்றி.

ஆனாலும் கருவியை முற்றாக நிராகரிப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. 2019இல் தொடங்கி, 2022 ஜூனில் அசாமும் இணைந்ததோடு நாடெங்கும் நிறைவுற்ற ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ ஏற்பாடு, இதே மின்னணுச் சரிபார்ப்பின் மேல் நிற்பதே. பீகாரிலிருந்து சூரத்துக்குச் சென்ற தொழிலாளி தன் பங்கை அங்கேயே பெற அதுவே வழிசெய்கிறது. 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்தில் சொந்த ஊருக்கு நடந்தே சென்றவர்களை நினைவிற்கொள்வோர் இதன் தேவையை மறுக்கமாட்டார்கள். சத்தீஸ்கரும் 2012இலேயே ராய்ப்பூரில், விரும்பிய கடையில் தானியம் பெறும் முறையை முயன்று பார்த்தது. அங்கு கருவி உண்பவரின் தேர்வை விரித்தது. ஜார்க்கண்டில் அது உண்பவரின் தகுதியை ஒவ்வொரு மாதமும் மறுவிசாரணைக்கு உட்படுத்தியது.

2023 ஜனவரியிலிருந்து சுமார் 80 கோடி மக்களுக்கான இத்தானியம் விலையின்றி வழங்கப்படுகிறது. விலை விலகியது, வாசலில் விரல்ரேகை நிற்கிறது. உரிய தானியம் கிடைக்காதவருக்கு மாநில அரசு உணவுப் பாதுகாப்புப் படி வழங்க வேண்டும் என்று 2013 சட்டத்தின் 8ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பிரிவு உயிர்பெற, யார் வாங்கினார் என்பதைப் பதியும் அதே கருவி, யார் வெறுங்கையோடு திரும்பினார் என்பதையும் பதிய வேண்டும். அட்டை நீக்கப்படும் முன் ஒரு மனிதர் அந்த வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும். முன்னதற்குச் சில வரி மென்பொருள் போதும். பின்னதற்குத் தேவைப்படுவது சத்தீஸ்கர் 2004இல் செய்ததைப் போன்ற அரசியல் முடிவு.