வயிற்று அறுவையும் உடல் எடையும்



பிள்ளைகள் பெற்றுத் தளர்ந்த வயிற்றை அறுவையால் சரிப்படுத்தலாமா என்று, தோட்டம் விட்டு ஈப்போவில் குடியேறிய தாய்மார் சிலர் கேட்பதுண்டு. அதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1899-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்ட் கெல்லி என்ற மருத்துவர், பருமனான ஒரு பெண்ணின் வயிற்றில் தொங்கிய தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுத்தார். எடுத்தது மட்டும் 7 கிலோவுக்கு மேல்! 1967-இல் பிரேசில் நாட்டு இவோ பிட்டாங்கி, 300 வயிற்றுச் சீரமைப்புகளைப் பற்றி எழுதினார். தளர்ந்த தசையை இறுக்கித் தைத்து, தழும்பை அடிவயிற்றில் மறைக்கும் முறை பரவியது.

கத்தியின் திறன் வளர்ந்தது. உடலின் இயல்பு மாறவில்லை. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பை இவ்வறுவை நீக்குவதில்லை. தோலுக்கடியில் எஞ்சிய கொழுப்பணுக்களோ எடை கூடினால் மீண்டும் பருக்கும். அளவெடுத்துத் தைத்த இரவிக்கையை நினைத்துப் பாருங்கள். உடம்பு பருத்தால் தையல் இழுபடும். மிக இளைத்தால் தொளதொளக்கும். வயிறும் அப்படியே. மறுபடி கருவுற்றாலும் தோலும் தசையும் விரியும்.

ஆகவேதான், இனிப் பிள்ளைப்பேறு இல்லை என்றான பின், எடையும் பல மாதங்கள் ஒரே நிலையில் நின்ற பிறகே அறுவையை நாடுமாறு மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

அந்நாளில் பால்மரம் வெட்டியவர்கள் விடியுமுன்னே நிரை நிரையாக நடந்தார்கள். இன்று பலருக்கும் பட்டணத்தில் உட்கார்ந்த வேலை. தட்டில் சோறு மட்டும் குறையவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மிகை எடையினர் என்று கண்டது.

தாய்மார்களே, அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தை அறுவைக்குக் கொடுக்குமுன், எடையை நிலைநிறுத்தப் பழகுங்கள். அது இல்லையேல் அறுவையின் பலன் நிலைக்காது.