கணினி வைரஸும் அதைத் துரத்திய வணிகமும்

தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு பிற நிரல்களிலும் வட்டுகளிலும் ஒட்டிப் பரவும் சிறு நிரலையே கணினி வைரஸ் என்கிறோம். தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவரான பிரெட் கோஹென் 1983இல் இத்தகைய நிரல் ஒன்றை எழுதி இயக்கிக் காட்டினார். அவருடைய ஆசிரியர் லியோனார்ட் ஏடல்மன் அதற்குச் சூட்டிய பெயரே நிலைத்துவிட்டது. அதே கோஹென், ஒரு நிரல் வைரஸா இல்லையா என்பதை எல்லா நேர்வுகளிலும் பிழையின்றித் தீர்மானிக்கவல்ல நிரலை எவராலும் எழுத முடியாது என்பதையும் அடுத்த சில ஆண்டுகளில் கணித முறையில் நிறுவினார். இந்த நிறுவலை வைத்துப் பார்த்தால், வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் தொழிலின் வரலாறு விந்தையானது: ஒருபோதும் முழுமை பெறாது என்று தெரிந்த ஒரு வேலையை, முழுமை பெறாத காரணத்தாலேயே ஆண்டுதோறும் புதிதாக விற்கக் கற்றுக்கொண்ட தொழில் அது.

தொடக்க கால வைரஸ்கள் பரவியது இணையத்தின் வழியே அன்று. மனிதர்கள் கைமாற்றிக்கொண்ட பிளாப்பி எனும் நெகிழ்வட்டுகளின் வழியே. அமெரிக்காவில் 1982இல் பதினைந்து வயது மாணவர் ரிச் ஸ்க்ரெண்டா, ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய ‘எல்க் குளோனர்’, நண்பர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்ட விளையாட்டு வட்டுகளில் ஏறிக்கொண்டு, ஐம்பதாவது முறை கணினி துவங்கும்போது ஒரு குறும்புப் பாட்டைத் திரையில் காட்டியது. ஐபிஎம் வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ், 1986இல் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற ஆல்வி சகோதரர்கள் எழுதிய ‘பிரெயின்’ ஆகும். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்போரைக் கண்டறியவே அதை எழுதியதாக அவர்கள் கூறிவந்துள்ளனர்.

அது இயங்கிய விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நெகிழ்வட்டின் முதல் 512 பைட்டுகள் ‘துவக்கப் பகுதி’ எனப்படும்; கணினி விழித்தவுடன் முதலில் படிப்பது அதைத்தான். பிரெயின் அந்த இடத்தில் தான் அமர்ந்துகொண்டு, அங்கிருந்த பழைய நிரலை வட்டின் வேறொரு மூலைக்கு நகர்த்தி, அந்த மூலை பழுதானது என்று குறித்துவைத்துவிடும். யாரேனும் ஐயப்பட்டு முதல் பகுதியைத் திறந்து பார்த்தால், ஒளித்துவைத்த பழைய நிரலையே எடுத்துக் காட்டும். தொற்றிய வட்டின் பெயர் மட்டும் ‘பிரெயின்’ என்று மாறியிருக்கும். இவ்வளவு சாமர்த்தியமாக ஒளிந்துகொண்ட அந்த நிரலுக்குள், எழுதியவர்களின் கடைப் பெயர், லாகூர் முகவரி, தொலைபேசி எண்கள் ஆகிய அனைத்தும், தடுப்பு மருந்துக்குத் தங்களை அணுகும்படி ஒரு வேண்டுகோளும் இருந்தன என்பது பின்னாளைய குற்ற உலகத்தை அறிந்தவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கலாம். நோயும் மருந்தும் ஒரே கடையில் கிடைக்கும் என்ற அறிவிப்போடுதான் இந்த வரலாறு தொடங்குகிறது.

மருந்து செய்தவர்களோ பெரும்பாலும் வணிகர்களாகத் தொடங்கியவர்கள் அல்லர். செக்கோஸ்லோவாக்கியாவில் ‘வியன்னா’ என்ற வைரஸ் தலைகாட்டியபோது, பிராகில் பாவெல் பௌடிஷ் அதைப் பிரித்தாராய்ந்து எழுதிய நிரலிலிருந்து பின்னர் அவாஸ்ட் வளர்ந்தது. ஸ்லோவாக்கியாவில் மிரோஸ்லாவ் டிரன்காவும் பீட்டர் பாஷ்கோவும் எழுதிய நிரலுக்கு, அந்நாட்டில் புகழ்பெற்றிருந்த மருத்துவமனைத் தொலைக்காட்சித் தொடரின் தலைப்பைத் திரித்து, ‘வட்டின் ஓரத்து மருத்துவமனை’ என்ற பொருளில் ‘நாட்’ எனப் பெயரிட்டனர். மாஸ்கோவில் யூஜின் காஸ்பர்ஸ்கி 1989இல் தம் கணினியில் எதிர்கொண்டது, திரையிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக அடியில் உதிர்த்துக் குவிக்கும் ‘காஸ்கேட்’ வைரஸ். இவர்கள் அனைவரும் கையாண்ட முறை ஒன்றே: வைரஸின் உடலில் வேறெங்கும் காணப்படாத ஒரு பைட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் ‘கையொப்பம்’ என்று பெயரிட்டுப் பட்டியலில் சேர்த்து, வட்டிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. புதிய வைரஸ் எங்கோ ஒருவரைத் தாக்கி, மாதிரி ஆய்வாளர் கைக்கு வந்த பிறகே அதன் கையொப்பம் பட்டியலில் ஏறும் என்பதால், நேற்றைய பட்டியல் இன்றைக்குப் பாதிதான் உதவும். தொழிலின் பலவீனமும் வருவாயும் இந்த ஒரே இடத்தில்தான் இருந்தன.

இதை முதலில் முழுமையாகப் பயன்படுத்தியவர் அமெரிக்காவின் ஜான் மெக்காஃபி. தம் நிரலைத் தொலைபேசி வழிக் கணினி அறிவிப்புப் பலகைகளில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிட்டு, அலுவலகங்களில் பயன்படுத்துவோரிடம் மட்டும் உரிமக் கட்டணம் பெற்றார். 1992 மார்ச் 6 அன்று, அதாவது மைக்கலாஞ்சலோவின் பிறந்த நாளில், வட்டுகளை அழிக்கக் காத்திருந்த வைரஸைப் பற்றி, ஐம்பது லட்சம் கணினிகள் வரை பாதிக்கப்படலாம் என்ற அவருடைய மதிப்பீட்டைச் செய்தித்தாள்கள் பரப்பின. உண்மையில் பாதிக்கப்பட்டவை பத்தாயிரம் முதல் இருபதாயிரம் வரையே எனக் கணக்கிடப்பட்டது. ஆனால் அதற்குள் மென்பொருள் பெட்டிகள் விற்றுத் தீர்ந்திருந்தன. அவருடைய நிறுவனம் அதே ஆண்டில் பங்குச் சந்தையிலும் நுழைந்தது. இந்தத் தொழில் முதலில் விற்ற சரக்கு அச்சம் என்று சொல்வது மிகையாகாது.

படிக்குப் படி தன் உருவை மாற்றிக்கொள்ளும் வைரஸ்கள் 1990 முதல் வரத் தொடங்கின. ‘டார்க் அவெஞ்சர்’ என்ற புனைபெயருக்குள் மறைந்திருந்த பல்கேரியர் ஒருவர், அவ்வாறு உருமாற்றும் கருவியைப் பிறருக்கும் வழங்கியதும், கையொப்பப் பட்டியல் மட்டும் போதாதென்றாயிற்று. ஆய்வாளர் கூட்டமும் ஓயாத அப்டேட்டும் தேவைப்பட்டன. அந்தச் செலவை ஆண்டுச் சந்தா ஈடுகட்டியது.

இந்தியாவில் இத்தொழில் பழுதுபார்க்கும் கடையிலிருந்து கிளைத்தது. புணேயில் கணக்கிடு கருவிகளைப் பழுதுபார்த்துவந்த கைலாஷ் கட்கரின் கடையில், அவருடைய தம்பி சஞ்சய் எழுதிய நிரலே குவிக் ஹீல் ஆயிற்று. சென்னையில் 1991இல் ஜெ. கேசவர்தனன் நிறுவிய கே7 கம்ப்யூட்டிங், உள்ளூரைவிட ஜப்பானில் பெரிய சந்தையைக் கண்டது. அங்கு சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் அதன் தொழில்நுட்பத்தைத் தன் பெயரில் விற்றதோடு, 2000களின் நடுவில் புதுப்பிப்புக் கட்டணமே இல்லாத பதிப்பையும் கொண்டுவந்தது. சந்தாவை உயிர்நாடியாகக் கொண்ட ஒரு தொழிலுக்குள் இது துணிச்சலான நடவடிக்கை.

மருந்தே நோயானதும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் அனுப்பிய அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிழையாகக் கருதி முடக்கியதால், பல நாடுகளில் கணினிகள் ஓயாமல் அணைந்து அணைந்து துவங்கின. பிழையின்றித் தீர்மானிக்க இயலாது என்ற கோஹெனின் முடிவு, வைரஸைத் தவறவிடுவதற்கு மட்டுமன்றி இத்தகைய வீண்பழிக்கும் பொருந்தும்.

இதற்கிடையே விலை சரியத் தொடங்கியிருந்தது. அவாஸ்ட் 2001இல் இல்லப் பயனர்களுக்கு இலவசப் பதிப்பை வழங்கியது. ஸ்பெயினின் மாலகாவில் 2004இல் தொடங்கிய வைரஸ்டோட்டல் என்ற இணையதளம், ஐயத்துக்குரிய கோப்பை ஏற்றினால் பல நிறுவனங்களின் நிரல்களைக் கொண்டு ஒரே நேரத்தில் சோதித்துச் சொன்னது. 2012இல் கூகிள் அதை வாங்கியது. அதே ஆண்டில் வெளியான விண்டோஸ் 8, டிஃபெண்டர் என்ற காவல் நிரலைத் தன்னுள்ளேயே கொண்டு வந்தபோது, தனியாக வாங்க வேண்டிய தேவையே பெரும்பாலோர்க்கு இல்லாமற்போயிற்று. பணம் கொடுக்காத பயனரிடமிருந்து வேறு வகையில் ஈட்டும் வழிகளை நிறுவனங்கள் தேடின. கணினியில் நிகழும் அனைத்தையும் பார்க்க அனுமதி பெற்ற நிரல், பயனர் எந்தெந்தத் தளங்களுக்குச் செல்கிறார் என்பதையும் பார்க்கும். அவாஸ்ட் அந்த விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியே விற்றது அம்பலமானதும், 2020 தொடக்கத்தில் அத்துணை நிறுவனம் மூடப்பட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024இல் அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த உத்தரவிட்டு, இணைய உலாவல் விவரங்களை விளம்பரத்துக்காக விற்கக் கூடாதென்றும் தடைவிதித்தது.