பேரெந்திரத்திலிருந்து கணினித் திரளுக்கு: அடையாறு–தரமணி வட்டாரத்தில் ஒரு தொழில்நுட்ப வரலாறு

பல கணினிகளைப் பிணைத்து ஒன்றுபோல் இயக்கும் அமைப்பு கிளஸ்டர். பயன்பாட்டு நிரலை அதற்குத் தேவையானவற்றோடு பொதிந்த கன்டெய்னர்களை இத்தகைய கிளஸ்டரில் பரப்பி நிர்வகிக்க இன்று பரவலாகப் பயன்படுவது குபர்நெட்டிஸ். இதற்கு முந்தைய படிகளைத் தென்சென்னையின் ஆய்வு வளாகங்களில் தேடலாம். எந்த வேலை எந்த எந்திரத்தில் ஓட வேண்டும் என்ற முடிவு, மனிதர் கையிலிருந்து படிப்படியாக மென்பொருளுக்குச் சென்றதே இவ்வரலாற்றின் மையம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. ஒற்றை எந்திரம்

1973-இல் ஐஐடி மெட்ராஸுக்கு ஐபிஎம் 370/155 என்ற பேரெந்திரம் வந்தது. நிரலைத் துளை அட்டைகளில் பதித்துக் கட்டாகக் கொடுத்துவிட்டு, அச்சிட்ட முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். எந்திரம் ஒன்றே என்பதால் அதன் நேரத்தைத்தான் பங்கிட முடிந்தது. வேலையை எங்கே ஓட்டுவது என்ற கேள்விக்கே அப்போது இடமில்லை.

அந்தக் கேள்வி எழ, மலிவான கணினிகள் வர வேண்டியிருந்தது. 1994-இல் அமெரிக்காவின் நாசா கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் சாதாரண 486 வகைக் கணினிகள் 16-ஐ ஈதர்நெட்டால் இணைத்து, லினக்ஸில் இயக்கினர். பியோவுல்ஃப் எனப்பட்ட இம்முறை, சூப்பர் கணினி வாங்க இயலாத ஆய்வகங்களுக்கு வழி திறந்தது.

2. கப்ரு

மயிலாப்பூர் லஸ் பகுதியில் இருந்த 'ஏகாம்ர நிவாஸ்' இல்லத்தில் அல்லாடி ராமகிருஷ்ணன் நடத்திய இயற்பியல் கருத்தரங்குகளின் தொடர்ச்சியாக 1962-இல் பிறந்தது கணித அறிவியல் நிறுவனம். தரமணியில் இயங்கும் இந்நிறுவனத்தில் 2004-இல் என். டி. ஹரி தாஸ் தலைமையில் எழுந்த கிளஸ்டருக்கு இமயச் சிகரமான கப்ருவின் பெயர் சூட்டப்பட்டது. இதில் 144 கணினிகள், ஒவ்வொன்றிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஸியான் செயலிகள் இரண்டு. கோட்பாட்டு உச்ச வேகம் 1,382 கிகாஃபிளாப்ஸ். கணக்கிடும் வேகத்தை அளக்கும் லின்பேக் சோதனையில் எட்டியது 959. உலகின் அதிவேகக் கணினிகளுக்கான அவ்வாண்டின் டாப்500 பட்டியலிலும் அது இடம்பெற்றது.

இந்த எண்களைவிட அதன் பிணைப்பு முறை முக்கியமானது. கப்ருவின் ஆய்வுப் பொருளான குவார்க்குகளின் விசையை ஆராய வெளியையும் காலத்தையும் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவர். ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களோடு மட்டுமே தகவல் பரிமாறும். கப்ருவும் அப்படியே இணைக்கப்பட்டது. 6×6×4 என்ற முப்பரிமாண வளையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஆறு அண்டைக் கணினிகள் இருந்தன. நடுவே சுவிட்ச் தேவைப்படவில்லை. ஆய்வுக் கேள்வியே கம்பிகளின் வடிவத்தைத் தீர்மானித்தது.

2012-13 வாக்கில் ஐஐடி மெட்ராஸில் அமைந்த விர்கோ என்ற கிளஸ்டரில் 292 கணினிகள். உச்சம் 97 டெராஃபிளாப்ஸ். இந்த அளவில், எந்தக் கணினி காலியாக உள்ளது என்று பார்த்துப் பார்த்து ஆள் வேலை ஒதுக்க முடியாது. நாசாவில் 1990-களில் உருவான பிபிஎஸ் போன்ற வரிசை மென்பொருள்கள் இத்தகைய கிளஸ்டர்களில் அப்பணியை ஏற்றன.

3. கன்டெய்னர் காலம்

ஆய்வு வேலைக்கு முடிவு உண்டு. இணையச் சேவைக்கு இல்லை. எந்திரம் பழுதானாலும் சேவை நிற்கக் கூடாது. 2008-இல் லினக்ஸ் கருவில் சேர்ந்த, எந்திர வளங்களைப் பங்கிடும் சிகுரூப்ஸ் வசதியும் 2013-இல் வந்த டாக்கரும் பயன்பாட்டு நிரலைத் தேவையான துணை நிரல்களோடு கன்டெய்னராகப் பொதிந்து தனித்து ஓட்டுவதை எளிதாக்கின. 2014-இல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டிஸ் அடுத்த படியை எடுத்தது. 'மூன்று நகல்கள் ஓட வேண்டும்' என்று எழுதிவைத்தால், அது நிலவரத்தைத் தொடர்ந்து ஒப்பிட்டு, குறைந்ததை வேறு எந்திரத்தில் எழுப்பும். இந்த நிலவரப் பதிவைக் காப்பது எட்சிடி. அது பெரும்பான்மை ஒப்புதலால் இயங்குவதால், மூன்று எந்திரங்களில் ஒன்றும் ஐந்தில் இரண்டும் விழுந்தாலும் தாங்கும்.

முடிவு

370/155-இல் ஒதுக்கீடு என்பது முறைக்குக் காத்திருத்தல்; பிபிஎஸ்ஸில் காலியிடம் தேடுதல்; குபர்நெட்டிஸில் வாக்கைக் காத்தல். பொறுப்பு மென்பொருளுக்கு மாறினாலும், எந்தப் பகுதி எதனோடு எவ்வளவு பேசும் என்ற ஆராய்ச்சி மனிதருடையதே. அதைச் செய்யாமல் எந்திரங்களைக் கூட்டினால், கூடுவது நெரிசல்தான். கிளஸ்டர் அமைக்கும் மாணவர்கள் நிறுவல் கட்டளைகளைக் கற்பதற்கு முன் கப்ருவின் வடிவமைப்பைப் படிக்க வேண்டும். அதற்கான ஆவணங்களை நம் நிறுவனங்கள் தொகுத்துப் பொதுவில் வைக்க வேண்டும்.